எட்னா எரிமலையும் ஒயின் தோட்டத்துச் சாப்பாடும்: அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஒரே நாளில் போய்வருவது எப்படி

எங்கள் ஊர் மலேசியாவில் சுங்கை சிப்புட். இங்கிருந்து ஐரோப்பா போகிற குடும்பங்கள் பெரும்பாலும் ரோம், பாரிஸ், சுவிட்சர்லாந்து என்று பஸ்ஸிலேயே பத்து நாள் ஓடிவிட்டுத் திரும்புகின்றன. இத்தாலி வரைக்கும் போகிறீர்கள் என்றால் சிசிலித் தீவுக்கு மூன்று நாளாவது ஒதுக்குங்கள் என்று கேட்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காரணம் எட்னா எரிமலை. 3,300 மீட்டருக்கு மேல் உயரம், இன்னமும் புகைந்துகொண்டே இருக்கிறது, அதன் சரிவிலேயே திராட்சைத் தோட்டங்கள், அந்தத் தோட்டத்துக்காரர் வீட்டிலேயே மதியச் சாப்பாடு. காலையில் மலை, மதியம் தோட்டம், மாலையில் ஓட்டலுக்குத் திரும்பிவிடலாம். தனி வண்டியும் டிரைவரும் வைத்துக்கொண்டு போகிற இந்த ஒரு நாளை எப்படி ஏற்பாடு செய்வது என்று உறவுக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

போன வருடம் அக்டோபரில் நாங்கள் ஏழு பேர் போனோம்: அம்மா, மாமா, அத்தை, நான், வீட்டுக்காரர், பிள்ளைகள் இரண்டு பேர். அதற்கு முந்தைய வருடம் அக்கா குடும்பம் போய்வந்திருந்தது. அவர்களுக்கு நடந்ததைக் கேட்டதால்தான் நாங்கள் தப்பித்தோம், அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

அக்கா பதிவு செய்த கம்பெனி அவர்களைப் பத்து மணிக்கு ஓட்டலில் ஏற்றி, நேராக ஒயின் குடிக்கிற இடத்துக்குக் கொண்டுபோய்விட்டது. சாப்பாடு, ஐந்து வகை ஒயின், மூன்று மணி. அதற்கப்புறம் வளைந்து வளைந்து மலை ஏறினால் என்ன ஆகும்? அத்தான் பாதி வழியில் வாந்தி, பிள்ளைகள் தூக்கம், மேலே போய்ச் சேர்ந்தபோது மேகம் மூடி எதிரே நிற்கிற வண்டிகூடத் தெரியவில்லை. எரிமலையைப் பார்க்காமலே எரிமலைக்குப் போய்வந்தார்கள். ஆக முதல் விதி: மலை முதலில், தோட்டம் பிறகு. எட்னாவில் காலை வேளைதான் தெளிவாக இருக்கும், வெயில் ஏற ஏற மதியத்தில் மேகம் திரண்டுவிடும். எந்தக் கம்பெனி இந்த வரிசையை மாற்றிச் சொன்னாலும் ஏன் என்று கேளுங்கள், சரியான காரணம் வராவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

இதில் நம் ஆட்களுக்கு ஒரு வசதியும் உண்டு. கோடைக்காலத்தில் இத்தாலி நமக்கு ஆறு மணி நேரம் பின்னால் (அக்டோபர் கடைசி ஞாயிறு தாண்டினால் ஏழு மணி நேரம்). போய் இறங்கிய முதல் இரண்டு மூன்று நாள் விடியற்காலை மூன்று நான்கு மணிக்கே எல்லாருக்கும் கண் விழித்துவிடும். அம்மா ரப்பர் தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, போன காலத்து நேரத்துக்கே எழுந்து, குளித்து, தலைவாரி உட்கார்ந்திருந்தார். அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், இறங்கிய இரண்டாவது அல்லது மூன்றாவது நாளில் எட்னாவை வையுங்கள், ஏழரை அல்லது எட்டு மணிக்கு வண்டி வரச் சொல்லுங்கள். அதற்கு மறுபக்கமும் இருக்கிறது: அங்கே பிற்பகல் மூன்று மணி என்பது நம் உடம்புக்கு இரவு ஒன்பது. சாப்பாடும் ஒயினும் உள்ளே போன பிறகு வயதானவர்களால் உட்காரவே முடியாது. அதனால் ஒரு மணிக்குச் சாப்பாட்டில் உட்கார்ந்து, மூன்றரைக்குக் கிளம்பி, ஐந்துக்குள் ஓட்டலில் இருக்கிற மாதிரி கணக்குப் போடுங்கள். அதற்கு மேல் "இன்னொரு ஊரும் காட்டுகிறோம்" என்று சேர்ப்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்து, மலையின் எந்தப் பக்கம் என்பது. இதைத் தெரிந்துகொள்ளாமல்தான் பலர் பணம் கட்டுகிறார்கள்.

தெற்குப் பக்கம் கத்தானியா நகரத்திலிருந்து ஒரு மணி நேரம். வண்டி போய் நிற்கிற இடம் ரிஃபூஜியோ சப்பியென்சா, 1,900 மீட்டர் உயரம், அதாவது நம் கெந்திங்கைவிடக் கொஞ்சம் மேலே. அங்கிருந்து கேபிள் கார் 2,500 மீட்டர் வரைக்கும் தூக்கிக்கொண்டு போகும், அதற்கு மேல் பெரிய சக்கரம் வைத்த வண்டிகள் ஏறக்குறைய 2,900 வரைக்கும் போகும். கேபிள் காருக்குப் பணம் கட்ட விருப்பமில்லாதவர்களுக்கு சப்பியென்சாவிலேயே சில்வெஸ்திரி என்ற எரிமலை வாய்கள் இருக்கின்றன. 1892-இல் வெடித்து உண்டானவை, இப்போது அணைந்துவிட்டன. கீழ் வாயைச் சுற்றி நடக்க அம்மாவுக்கு அரை மணிகூட ஆகாது. மேல் வாய் செங்குத்து, அதை இளசுகளுக்கு விட்டுவிடலாம்.

வடக்குப் பக்கம் பியானோ ப்ரொவென்சானா. 1,800 மீட்டர் உயரம், கூட்டம் குறைவு. 2002-இல் எரிமலைக் குழம்பு வந்து அங்கிருந்த ஓட்டலையும் பனிச்சறுக்கு நிலையத்தையும் மூடிவிட்டது, இன்றைக்கும் அந்தக் கறுப்புக் குழம்பு உறைந்த வடிவத்திலேயே கிடக்கிறது, பக்கத்திலேயே பச்சை மரங்கள். வடகிழக்கில் மோந்தி சர்தோரியுஸ் என்று ஓர் இடம், 1865-இல் வெடித்த சிறு சிறு கூம்புகள் வரிசையாக நிற்கும், இடையே வெள்ளைப் பட்டை மரங்கள், நடை எளிது. எட்னாவின் பேர்பெற்ற திராட்சைத் தோட்டங்கள் பலவும் இந்த வடசரிவில்தான், லிங்குவாக்லொஸ்ஸா, காஸ்தில்யோனே, ரந்தாஸ்ஸோ பக்கமாக இருக்கின்றன. ஆக மலையையும் சாப்பாட்டையும் ஒரே நாளில் வைக்கிறவர்களுக்கு வடக்குதான் வசதி, வண்டியில் உட்கார்ந்தே பொழுது போகாது. கேபிள் கார் கட்டாயம் வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் தெற்கில் ஏறி, கிழக்குப் பக்கம் மிலோ, சாஃபெரானா பகுதியில் சாப்பாட்டை வையுங்கள். தெற்கில் மலையேறி வடக்கில் சாப்பிடுகிற திட்டம் எழுதிக் கொடுத்தால் வரைபடத்தை எடுத்துக் காட்டி மாற்றச் சொல்லுங்கள், மலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

நாங்கள் வடக்கையே எடுத்தோம், எனக்கு அதில் இன்றைக்கும் திருப்திதான்.

உயரத்தைப் பற்றி விளையாட்டாக இருக்காதீர்கள். ரத்தக் கொதிப்பு, இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களை 2,900 மீட்டர் வரை கொண்டுபோவதற்கு முன்னால் டாக்டரிடம் கேளுங்கள், கந்தக வாடை ஆஸ்துமாக்காரர்களைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். 1,800, 1,900 உயரத்தில் நின்றாலே எரிமலையை நன்றாகப் பார்க்கலாம், உச்சி வரை போய்த்தான் ஆக வேண்டும் என்பது இல்லை. உச்சியிலிருக்கிற வாய்களுக்கு அனுமதி பெற்ற எரிமலை வழிகாட்டி இல்லாமல் போக முடியாது, எந்த உயரம் வரை விடுவார்கள் என்பது அன்றன்றைய மலையின் நிலையைப் பொறுத்தது. டிரைவர் வேறு, வழிகாட்டி வேறு என்பதையும் மனதில் வையுங்கள். டிரைவர் நல்ல ஆங்கிலம் பேசுவார், வண்டியில் கதையெல்லாம் சொல்வார், ஆனால் மேலே கூட்டிக்கொண்டு நடக்க அவருக்கு அனுமதி கிடையாது. 2025 ஜூன் 2-ஆம் தேதி தென்கிழக்கு வாயிலிருந்து சூடான புகையும் கல்லும் சரிந்து வந்தபோது மேலே இருந்த சுற்றுலாப் பயணிகள் கீழே ஓடி வந்ததை நீங்களும் கைப்பேசியில் பார்த்திருப்பீர்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனாலும் மலை மலைதான்.

குளிர்: ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறரை டிகிரி குறையும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கத்தானியாவில் 25 என்றால் சப்பியென்சாவில் 13, 2,900-இல் ஆறு, அதோடு காற்று. கேமரன் மலைக்குப் போடுகிற மெல்லிய சுவெட்டர் போதாது. காற்றுத் தடுக்கிற ஜாக்கெட், உள்ளே கம்பளி, காது மறைக்கிற தொப்பி. காலுக்கு மூடிய சப்பாத்து கட்டாயம். தரை முழுக்கக் கறுப்புக் கூழாங்கல், செருப்புப் போட்டால் விரலுக்குள் புகுந்து அறுக்கும். சேலை கட்டுகிற அத்தைகளுக்கு ஒரு வார்த்தை: மலைக்கு மட்டும் பஞ்சாபி போட்டுக்கொள்ளுங்கள், காற்று அப்படி. வண்டி உங்களுக்கே என்பதால் நல்ல துணியைப் பையில் வைத்துத் தோட்டத்தில் மாற்றிக்கொள்ளலாம், அத்தை அப்படித்தான் செய்தார்.

இப்போது பதிவு செய்வதற்கு முன் கேட்க வேண்டியவை. விலை வண்டிக்கா, ஆளுக்கா? ஏழெட்டுப் பேர் போகிற நம் குடும்பங்களுக்கு வண்டிக்கு விலை என்றால் லாபம், இரண்டு பேர் என்றால் மற்றவர்களோடு சேர்ந்து போகிற சிறிய குழுவே மலிவு. சாதாரண வேனில் டிரைவரைச் சேர்த்து ஒன்பது பேர்தான் சட்டப்படி, அதாவது பயணிகள் எட்டு, "மடியில் ஒரு பிள்ளையை வைத்துக்கொள்கிறோம்" என்பதெல்லாம் அங்கே நடக்காது. சொன்ன விலைக்குள் என்னென்ன அடங்கும் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்: கேபிள் கார் டிக்கெட், எரிமலை வழிகாட்டி, சாப்பாடு, ஒயின், நெடுஞ்சாலைக் கட்டணம். கேபிள் காரும் வழிகாட்டியும் பெரும்பாலும் வெளியேதான் நிற்கும். யூரோவை மலேசிய வெள்ளிக்கு மாற்றிப் பார்க்கும்போது அந்த இரண்டும்தான் வயிற்றில் அடிக்கும். குடிக்காதவர்களுக்கு விலை குறையுமா என்றும் கேளுங்கள், கேட்டால் குறைக்கிறார்கள், கேட்காவிட்டால் யாரும் சொல்வதில்லை. டிரைவருக்குப் பயணிகளை ஏற்றுகிற உரிமம் இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, தொழிலாக வண்டி ஓட்டுகிறவர் அங்கே ஒரு சொட்டுகூடக் குடிக்கக் கூடாது என்பது சட்டம். நீங்களே கார் வாடகைக்கு எடுத்து ஓட்டினால் உங்களில் ஒருவர் நாள் முழுக்க வாய் கட்டி இருக்க வேண்டும், அதனால்தான் தனி டிரைவர் என்கிறேன்.

"ஒயின் தோட்டத்தில் சாப்பாடு" என்ற வார்த்தையை நம்பிவிடாதீர்கள். சில கம்பெனிகள் சாலையோரக் கடையில் பாட்டில்களை வரிசையாக வைத்து, ரொட்டியும் சீஸும் வெட்டிக் கொடுத்துவிட்டு அதற்கும் அதே பெயர் சொல்கின்றன. தோட்டத்துக்குள் நடக்க விடுவார்களா, தயாரிக்கிற இடத்தைக் காட்டுவார்களா, தட்டில் சூடான உணவு வருமா, தோட்டத்தின் பெயர் என்ன? இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். பெயர் தெரிந்தால் நீங்களே தேடிப் பார்த்துக்கொள்ளலாம்.

சாப்பாட்டு விஷயத்தில் முன்கூட்டியே சொல்லாவிட்டால் வயதானவர்கள் பட்டினிதான். முதல் தட்டில் வருகிற சலாமி பெரும்பாலும் பன்றி. பாஸ்தாவுக்கு ஊற்றுகிற இறைச்சிக் குழம்பில் பன்றியும் மாடும் கலந்திருக்கும், "மான்ஸோ" என்றால் மாடு, "வித்தெல்லோ" என்றால் கன்று. சைவக்காரர்கள் "வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் மீன் வந்துவிடும், அதனால் "சென்சா கார்னே, சென்சா பெஷே, சென்சா உவோவா" என்று எழுதி அனுப்புங்கள்: இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல், முட்டை இல்லாமல். ஆனால் சிசிலி சைவத்துக்கு நல்ல ஊர்தான். கத்தரிக்காயை வதக்கிப் புளிப்பும் இனிப்புமாகச் செய்கிற கபொனாத்தாவை அம்மா இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார், நம் கத்தரிக்காய்ப் பச்சடிக்குத் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கும். தக்காளி, கத்தரிக்காய், உப்புப் போட்ட ரிக்கோத்தா சீஸ் சேர்த்த நோர்மா பாஸ்தாவும் கேளுங்கள். மிகக் கண்டிப்பான சைவக்காரர்களுக்கு ஒரு தகவல்: பெக்கொரீனோ சீஸைப் பாரம்பரியமாக ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கிற பொருளால் உறைய வைக்கிறார்கள், அதைத் தவிர்த்துவிடுங்கள். ஒரு மணி வரை நம் வயிறு தாங்காது என்பதால் வண்டியில் பிஸ்கட்டும் வாழைப்பழமும் இருக்கட்டும். மாமா பையில் சம்பால் பாட்டில் வைத்திருந்தார், அதை ஓட்டலில் திறந்துகொள்ளச் சொன்னேன். காரம் பட்ட நாக்கில் ஒயின் எரிச்சலாகத்தான் இருக்கும், வேறு ருசி தெரியாது.

எந்த மாதம் போகலாம் என்று கேட்டால், மே, ஜூன், இல்லாவிட்டால் அக்டோபர் இரண்டாம் பாதி. இத்தாலியிலேயே மிகத் தாமதமாகத் திராட்சை பறிக்கிற இடங்களில் எட்னாவும் ஒன்று, சிவப்புத் திராட்சைக்கு அக்டோபர்தான் அறுவடை. நமக்கோ செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை புரட்டாசி, வீட்டில் கவிச்சியும் கிடையாது, குடியும் கிடையாது. புரட்டாசி முடிந்த கையோடு போனால் இரண்டும் பொருந்தும், தீபாவளி தள்ளி வருகிற வருடமானால் அதற்கு முன் வீட்டுக்கும் வந்துவிடலாம். அறுவடை நேரத்தில் தோட்டத்துக்காரர்களுக்கு வேலை அதிகம், அதனால் இரண்டு மாதம் முன்பே பதிவு செய்யுங்கள்.

குடிப்பதைப் பற்றி. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த குடும்பங்களில் இது சாதாரண விஷயம் இல்லை என்று எனக்குத் தெரியும். கள்ளுக்கடையும் பின்னால் வந்த சம்சுச் சாராயமும் எத்தனை லயத்து வீடுகளை அழித்தன என்று பார்த்தவர் என் அம்மா. "ஒயின் குடிக்கவா இவ்வளவு தூரம்?" என்றுதான் முதலில் கேட்டார். நான் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன்: வேண்டாம் என்கிறவர் குடிக்க வேண்டியதே இல்லை, யாரும் வற்புறுத்த மாட்டார்கள், தோட்டமும் சாப்பாடும் எல்லாருக்கும் பொது. குடிக்கிறவர்களும் கிளாஸ் நிறையக் குடிப்பதில்லை. மூன்றிலிருந்து ஐந்து வகை, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வாய்தான். முகர்ந்து பார்த்து, வாயில் வைத்து, பிடிக்காவிட்டால் பக்கத்திலிருக்கிற பாத்திரத்தில் துப்பிவிடலாம். அது அவமரியாதை இல்லை, அந்தப் பாத்திரத்தை அதற்குத்தான் வைத்திருக்கிறார்கள். நடுநடுவே தண்ணீரும் ரொட்டியும். இனிப்பு நீருக்கு இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கிற மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் தொடவே கூடாது, சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். உங்கள் மருந்துக்கு ஒத்துவருமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டே போங்கள். பிள்ளைகள் விஷயத்தில், இங்கே 21 வயது, அங்கே 18. எங்கள் வீட்டில் 21 என்றே வைத்துக்கொண்டோம்.

வெள்ளை ஒயின் முதலில் வரும், கரிக்காந்தே என்ற திராட்சை, கஸ்தூரி எலுமிச்சை பிழிந்த மாதிரி ஒரு புளிப்பு. சிவப்பு நெரெல்லோ மஸ்கலேசே. நிறம் வெளுத்திருப்பதைப் பார்த்துத் தண்ணீர் கலந்தது என்று நினைத்துவிடாதீர்கள். நாக்கில் ஒரு துவர்ப்பு நிற்கும், சீனி போடாத தே ஓ ஆறின பிறகு குடித்தால் நாக்கு இழுக்குமே, அது மாதிரி. அந்தத் துவர்ப்பு தனியாகக் குடித்தால் கசக்கும், சீஸோடு சேர்த்தால் அடங்கிவிடும், அதனால்தான் சாப்பாட்டோடு கொடுக்கிறார்கள். 1968-இல் சிசிலியிலேயே முதலாவதாகச் சட்டப்படி பெயர்க் காப்பு (அந்த இடத்து ஒயினுக்கு மட்டுமே அந்தப் பெயர்) வாங்கியது எட்னா ஒயின்தான்.

ஆனால் நான் மிகவும் கேட்டுக்கொள்வது, கிளாஸோடு நின்றுவிடாமல் தோட்டத்துக்குள் நடங்கள். ரப்பர் தோட்டத்தைப் பார்த்த நமக்கு நிரை, அதாவது மர வரிசை, என்றால் என்ன என்று தெரியும், நாம் பார்க்கிற பார்வையே வேறு. அங்கே கறுப்புக் கல்லை அடுக்கிச் சுவர் கட்டி, படிப்படியாக நிலம். பழைய செடிகள் கம்பியில் படராமல் ஒவ்வொன்றும் தனித்தனிக் கம்பில் கட்டப்பட்டுக் குட்டை மரம் மாதிரி நிற்கும். மண் கறுப்பு மணல். திராட்சை வேரைத் தின்று ஐரோப்பா முழுவதும் தோட்டங்களை அழித்த பூச்சிக்கு இந்த மணல் ஒத்துவரவில்லை, அதனால் நூறு வயது தாண்டிய செடிகள் சொந்த வேரிலேயே இருக்கின்றன. எரிமலைச் சாம்பல் நமக்கும் தூரம் இல்லை என்று பிள்ளைகளிடம் சொன்னேன். கோலகங்சார் தாண்டி லெங்கோங்கில், கோத்தா தம்பானில், 74,000 ஆண்டுக்கு முன் சுமத்ராவின் தோபா வெடித்தபோது விழுந்த சாம்பல் இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது. லெங்கோங் 2012-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, எட்னா அடுத்த வருடம். தோட்டத்தில் பல்மெந்தோ இருந்தால் கட்டாயம் காட்டச் சொல்லுங்கள். எரிமலைக் கல்லில் கட்டிய பெரிய தொட்டிகள், அதில் திராட்சையைக் காலால் மிதித்துச் சாறு எடுத்திருக்கிறார்கள். இப்போது பயன்பாட்டில் இல்லை. அம்மா அந்தத் தொட்டியின் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, ரப்பர் பால் சேர்க்கிற நம் பால் ஸ்டோரிலும் இப்படித்தான் தொட்டி இருந்தது என்றார்.

அப்புறம் தோட்டத்துக்காரரிடம் ஏதாவது கேட்க வேண்டும் என்று டிரைவரை அழைத்தார். பால்மரம் சீவிய கை. "மழை பெய்தால் வேலை உண்டா?" என்று கேட்டார். மழை பெய்தால் பட்டை நனைந்து வெட்டு நின்றுபோகும், அன்றைய சம்பளமும் போகும் என்பதை வாழ்ந்தவர் கேட்கிற கேள்வி. டிரைவர் மொழிபெயர்த்ததும் அந்த மனிதர் வானத்தைக் காட்டி வெகுநேரம் பேசினார், அறுவடை மாதத்தில் மழைதான் தனக்கும் பயம், பழம் அழுகிவிடும், ஒரு வருட வேலை போய்விடும் என்று. சாப்பாட்டில் உட்காரும்போது அம்மாவைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொண்டார். கும்பலோடு பஸ்ஸில் போயிருந்தால் இதற்கு நேரமே கிடைத்திருக்காது. அதனால் தோட்டத்தில் குறைந்தது இரண்டரை மணி நேரம் என்று திட்டத்தில் எழுதி வாங்குங்கள்.

மாற்று ஏற்பாடு இல்லாமல் போகாதீர்கள். காற்று பலமாக அடித்தால் கேபிள் கார் ஓடாது. மலை பொங்கினால் பாதையை மூடுவார்கள். அப்படி ஆனால் எங்கே கூட்டிப்போவீர்கள், எவ்வளவு பணம் திரும்பும் என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். சாம்பல் விழுந்தால் கத்தானியா விமான நிலையத்தையே சில நேரம் மூடிவிடுவார்கள், ஆக எட்னா போன மறுநாளே பெரிய விமானத்தைப் பிடிக்கிற மாதிரி வைக்காமல் ஒரு நாள் இடைவெளி விடுங்கள்.

பாட்டில் வாங்குவதாக இருந்தால், மலேசியாவுக்குள் வரி இல்லாமல் ஓர் ஆள் கொண்டுவரலாம் என்பது மது எல்லாம் சேர்த்து மொத்தம் ஒரு லிட்டர். ஒயின் பாட்டில் முக்கால் லிட்டர், ஆக ஆளுக்கு ஒன்று. கைப்பையில் விட மாட்டார்கள், பெட்டியில்தான் போக வேண்டும். கம்பளி ஜாக்கெட்டின் கைக்குள் பாட்டிலை நுழைத்து, சுற்றிலும் துணி வைத்து, பெட்டியின் நடுவில் படுக்கவையுங்கள். எங்களுடையது இரண்டும் உடையாமல் வந்து சேர்ந்தன. அம்மா தன் பங்குக்குப் பாட்டிலுக்குப் பதில் சாஃபெரானா தேன் ஒரு டப்பா வாங்கிக்கொண்டார்.